புதிய அணுஉலைகள்: எங்கள் நிலைப்பாடு

2047-க்குள் அணுமின் திறனை 1 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவோம் என்று இந்திய அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அப்போதைய திறன் 8,000 மெகாவாட்டைச் சற்றே தாண்டியிருந்தது. நாட்டின் மின்சாரத்தில் அதன் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான்.

அணுமின்சாரத்தை நாங்கள் அடியோடு மறுக்கவில்லை. நிலக்கரிச் சாம்பலோடு வாழ்பவர்களுக்குப் புகையில்லா மின்சாரத்தின் அருமை தெரியும். ஆடிக் காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகள் கார்த்திகையில் அப்படிச் சுழல்வதில்லை. அணுஉலைக்குக் காற்றும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஆனாலும், கீழே சொல்லும் நான்கும் நிறைவேறும்வரை புதிய உலை எதற்கும் அனுமதி தரக்கூடாது.

காரணம் இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. ஊழியர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அவர்களின் திறமைக்குத் தலைவணங்குகிறோம். அதே காலையில், பக்கத்து ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை தப்பியது, ஊர் தப்பவில்லை. பாதுகாப்பு என்பது மதிற்சுவரோடு முடிந்துவிடுவதல்ல.

எங்கள் கோரிக்கைகள்:

1. கழிவுக்கு இடம்: ஆழ்நிலக் கிடங்கை விரைந்து அமைக்கும்படி கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. அந்தக் கிடங்கு இன்னும் இல்லை. எரிந்து முடிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். அதை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

2. தனித்த கண்காணிப்பு: உலை கட்டும் துறையின் நிழலில் அதைச் சோதிக்கும் வாரியம் இயங்கக்கூடாது. ஆய்வறிக்கைகள் உலை அமையும் ஊரின் மொழியில் முழுமையாக வெளிவர வேண்டும்.

3. ஒத்திகை: சங்கு ஊதினால் எந்தச் சாலை, எந்த வண்டி, எந்தப் பள்ளிக்கூடம் என்பது கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் மீன் விற்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலில் இருக்கும் படகுக்கு யார் தகவல் சொல்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஊரோடு ஒத்திகை நடத்துங்கள்.

4. கேள்விக்கு மரியாதை: கூடங்குளத்தில் போராடியவர்கள் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. இனி எந்த ஊரிலும் அது நடக்கக்கூடாது. கிராமசபையில் எழும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இவற்றைச் செய்து முடித்துவிட்டு அடிக்கல் நாட்டுங்கள். அந்த விழாவுக்கு நாங்களும் வருவோம்.