சார்புகளைக் கையில் கொடுத்துவிட்டு வடிவமைக்கச் சொல்லும் கல்வி

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் தரவுத்தளப் பாடம் தவறாமல் நடத்தப்படுகிறது. தரவுத்தளத்தை வடிவமைக்க மட்டும் பெரும்பாலான இடங்களில் கற்பிக்கப்படுவதில்லை. ஒரு வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தாலே இது விளங்கும்.

கேட் தேர்வாயினும் பருவத் தேர்வாயினும் வினாவின் அச்சு ஒன்றே. ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து பண்புகள். ஏ தெரிந்தால் பி தெரியும், பி தெரிந்தால் சி தெரியும் என்று நான்கைந்து சார்புகள். சாவிகள் எத்தனை, அட்டவணை எந்த இயல்பு வடிவத்தில் உள்ளது என்று மாணவர் கணக்கிட வேண்டும். கணக்கில் குறையில்லை. ஆனால் வடிவமைப்பின் கடினமான பாதியை வினா எழுதியவரே முடித்துவிட்டார். எந்தச் செய்தி எதைச் சார்ந்தது என்பதை உலகைப் பார்த்து அறிவதே அந்தப் பாதி. பணியிடத்தில் அதை எவரும் பட்டியலிட்டுத் தரமாட்டார்கள்.

ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அட்டை எண், குடும்பத் தலைவர், உறுப்பினர், வயது, கடை எண், கடை முகவரி அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால் என்ன ஆகும்? கடை முகவரி கடையைச் சார்ந்தது, அட்டையை அன்று. கடை இடம் மாறினால் நூற்றுக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் ஒரே கடைக்கு இரண்டு முகவரிகள். அக்கடையின் கடைசி அட்டை நீக்கப்பட்டால் கடையே பதிவிலிருந்து மறையும். வயது ஆண்டுதோறும் பொய்யாகும். சேமிக்க வேண்டியது பிறந்த தேதி.

குடும்பத் தலைவர்? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரே தலைவர். அத்தகைய பெண் இல்லாமல் சிறுமி மட்டும் இருக்கும் வீட்டில் மூத்த ஆண் தலைவராவார்; சிறுமிக்கு 18 வயது நிறைந்ததும் தலைமை அவளுக்கு மாறும். ஒரு பிறந்தநாள் ஒரு பதிவை மாற்றுகிறது. இந்தச் சார்பை ஏ, பி, சி எழுத்துகளுக்குள் தேடினால் கிடைக்காது. சட்டத்தைப் படித்தவருக்கே அது தெரியும்.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் இ. எஃப். காட் உறவுநிலை மாதிரியை முன்வைத்தபோது, தரவு இயந்திரத்துள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியும் சுமையிலிருந்து பயனரை விடுவிப்பதே நோக்கம். இயல்பு வடிவங்களும் திருத்தும்போதும் நீக்கும்போதும் நேரும் முரண்களைத் தவிர்க்கவே பிறந்தன. நம் வகுப்பறைகள் வரையறையை வைத்துக்கொண்டு, அதைப் பிறப்பித்த சிக்கலைக் கைவிட்டன.

ஆய்வகத்திலும் இதே கதைதான். ஆரக்கிளின் பழைய மாதிரியான ஊழியர், துறை அட்டவணைகளில் எஸ்.கியூ.எல். வினவல்களைத் தட்டெழுதிக் குறிப்பேட்டில் ஒட்டினால் மதிப்பெண் உறுதி. தவறான வரி ஒன்றைத் தாம் விதித்த கட்டுப்பாடே தடுப்பதைப் பலர் ஒருமுறையும் கண்டதில்லை. குடும்பப் பெயர் என்ற புலத்தைக் கட்டாயமாக்குபவர், இந்தியர் அனைவருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று கூறுகிறார். அக்கூற்று பொய். ஒற்றைப் பெயர் உடையவர் அங்கே ஒரு புள்ளியை இட்டுத் தப்பிக்கிறார். புள்ளி அவர் பெயராகிவிடுகிறது.

உறவுநிலைத் தரவுத்தளமே பழையது, செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதித்தரும் என்பார் உளர். ஆவணவகைத் தரவுத்தளத்துக்கு மாறினாலும் சார்புகள் ஒழிவதில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு நிரலாளரின் நினைவுக்கும் இடம்பெயர்கிறது. கட்டளைகளைக் கருவி எழுதலாம். குடும்பத் தலைவர் எப்போது மாறுவார் என்று கேட்க வேண்டும் என்பதை, கேட்கப் பழகியவரே அறிவார்.

மாற்றுவழிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட் இரண்டும் இலவசம். முதல் இயல்பு வடிவத்தை வரையறுக்குமுன் மாணவரை நூலகத்துக்கோ ரேஷன் கடைக்கோ அனுப்ப வேண்டும். அங்குள்ள படிவத்தின் சார்புகளை அவர் எளிய வாக்கியங்களாக எழுதட்டும். அட்டவணை பிறகு வரட்டும். அதில் பொய்த் தரவை நுழைக்கச் சக மாணவர்கள் முயலட்டும். அந்த வாக்கியங்களுக்கே முதல் மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்.

பிழையான வடிவமைப்புக்கான தண்டனை வடிவமைத்தவரை எட்டுவதில்லை. ‘சிஸ்டத்தில் உங்கள் பெயர் இல்லை’ என்று சாளரத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுபவரே அதை அனுபவிக்கிறார்.