நாய் வளர்ப்போரின் பொறுப்பு

2024-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாய்களுக்கு உடையவர் கைது செய்யப்பட்டார். சிறிது காலம் நாய் லைசென்ஸைப் பற்றிய பேச்சு பலமாக இருந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவும், அதே மாதத்தில் அதைத் திருத்திப் பிறப்பித்த உத்தரவும் தேசத்தின் கவனத்தை உடையவரில்லாத நாய்களின் பக்கம் திருப்பிவிட்டன. உடையவருள்ள நாயின் விஷயம் பின்னடைந்தது. தெருநாய் கடித்தால் யாரைக் கேட்பது என்பது சிக்கலான கேள்விதான். வீட்டுநாய் கடித்தால் யாரைக் கேட்பது என்பதிலும் நமது சட்டம் தடுமாறுவதுதான் விந்தை.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியன் பீனல் கோடின் 289-வது செக்ஷன், தன் வசமுள்ள மிருகத்தினால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேரக்கூடுமாயின், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டை அறிந்தோ அசட்டையாலோ செய்யாதுவிட்டவனுக்கு ஆறு மாதம் வரை காவல், அல்லது ரூ. 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய ஸம்ஹிதையில் இதுவே 291-வது செக்ஷன். அபராதத்தின் உச்சவரம்பு மட்டும் ரூ. 5,000 ஆயிற்று. 1860-இல் ஆயிரம் ரூபாய் ஒரு குடும்பத்தின் ஆஸ்தி. இன்று ஐயாயிரம் ரூபாய்க்கு ஓர் உயர்ஜாதி நாய்க்குட்டிகூடக் கிடைக்காது. அந்த அபராதமும் சேருவது ஸர்க்கார் கஜானாவிலே. குற்றம் ருசுவான பின் நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம் என்பது மெய்யே. ஆனால் அந்த நாள் வரும்வரை வைத்தியச் செலவுக்குப் பெற்றோர் எங்கே போவார்கள்?

சிவில் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். அங்கே எதிர்நிற்பது ஆங்கிலேயரிடமிருந்து நாம் சுவீகரித்த ஒரு பழைய விதி. சிங்கம், புலி வளர்ப்பவன் அவற்றால் நேரும் தீங்குக்கு எவ்வித நிபந்தனையுமின்றி ஜவாப்தாரி. நாயோ சாதுப்பிராணி வர்க்கத்தைச் சேர்ந்தது. ஆதலின் அந்தக் குறிப்பிட்ட நாய்க்குத் துஷ்ட சுபாவம் உண்டென்பது உடையவருக்கு முன்பே தெரியும் என்றாவது, அவர் அசட்டையாயிருந்தார் என்றாவது கடிபட்டவரே ருசுப்படுத்தவேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் முதற்கடி இனாம் என்று வக்கீல்கள் பரிகாசமாகச் சொல்வது இதைத்தான்.

இவ்விதியின் கோணலை இங்கிலாந்திலேயே வெகுகாலத்துக்கு முன் உணர்ந்தார்கள். ஆனால் உணர்ந்த விதம் வேடிக்கையானது. 1865-ஆம் வருஷத்து நாய்கள் சட்டம், நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்தால் அதன் முன் சுபாவத்தை ருசுப்படுத்த வேண்டியதில்லை, உடையவர் நஷ்டஈடு கொடுத்தேயாகவேண்டும் என்றது. மனிதக் குழந்தைக்கு அச்சலுகை இல்லை! அந்நாளைய பார்லிமெண்டில் ஆட்டுமந்தைக்காரர்களின் செல்வாக்கு அப்படி. 1971-ஆம் வருஷத்து மிருகங்கள் சட்டத்திலும் இந்த வித்தியாசம் முற்றும் நீங்கவில்லை. 1991-இல் அபாயகரமான நாய்கள் சட்டம் வந்தபின்தான், பொதுவிடத்தில் கட்டுக்கடங்காது திரியும் நாயின் உடையவர், தீய எண்ணம் இல்லாவிடினும் கிரிமினல் குற்றவாளியானார். 2014 முதல் தனியார் இடங்களுக்கும் இது பொருந்தும். உயிர்ச்சேதம் நேர்ந்தால் தண்டனை பதினான்கு வருஷம் வரை போகலாம்.

அதே 1991 சட்டம் நான்கு நாய் ஜாதிகளைப் பெயர் சொல்லி விலக்கிற்று. முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பின் அப்பட்டியலில் இல்லாத எக்ஸ்.எல். புல்லி என்ற மற்றொன்றையும் சேர்க்கவேண்டி வந்தது. ஜாதிப்பட்டியலை நம்பும் சட்டம் எப்பொழுதும் நாய் வியாபாரிக்குப் பின்னால்தான் ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நமது மத்திய ஸர்க்காரும் 2024 மார்ச்சில் இருபத்துமூன்று ஜாதிகளை விலக்கும்படி மாகாணங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து யோசிக்காமல் செய்ததென்று கர்நாடக ஹைகோர்ட்டு ஏப்ரலிலேயே அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் எக்ஸ்.எல். புல்லியை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்களுக்கு இங்கிலாந்தில் விதித்த நிபந்தனைகளில் ஒன்று நமக்குப் பிரயோஜனமானது. மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்காக அவர்கள் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். மோட்டார் வண்டிக்காரரிடம் நாம் வெகுகாலமாகக் கேட்டுவருவதும் இதையே.

பொறுப்பு நாயின் பாலும் உண்டு. நாளெல்லாம் சங்கிலியில் கட்டி, நடமாட்டமின்றி வைத்த நாய் வெறிகொள்வதில் ஆச்சரியமென்ன? 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது செக்ஷன் இதையும், பசிதாகத்தால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவதையும் குற்றமென்கிறது. முதற்குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்பது அச்சட்டத்தின் வாசகம். வேண்டாத நாயை இரவோடிரவாகப் புறநகரில் இறக்கிவிட்டு வருபவருக்கு இது பெட்ரோல் செலவிலும் குறைவு. உடையவருள்ள நாய் தெருநாயாவது இப்படித்தான்.

ஏழைக் குடியானவன் காவலுக்கு வளர்க்கும் நாய்க்கும் இந்தக் கண்டிப்பா என்று சிலர் கேட்கலாம். திருட வந்தவனைக் கடித்த நாயின் உடையவருக்கு விலக்களிப்பது எளிது. 1971-ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்திலேயே அத்தகைய விலக்கு உண்டு. தெருவிலே போகும் பள்ளிப்பிள்ளையைக் கடித்தால் மட்டும் குடியானவனாயினும் கோடீசுவரனாயினும் ஜவாப் சொல்லவேண்டியதே.

சிவில் தீங்குகள் பற்றிய சட்டம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலைச் சேர்ந்தது. ஆதலின் டில்லியை எதிர்பார்த்து நிற்கவேண்டிய அவசியமில்லை. உடையவரின் அறிவையோ அசட்டையையோ ருசுப்படுத்தாமலே நஷ்டஈடு பெறும் உரிமையைக் கடிபட்டவருக்கு அளிக்கும் ஒரு சிறு மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டசபை தானே இயற்றலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றில்லாத நாயாயின் நஷ்டஈடு இருமடங்கு என்று அதிலேயே சேர்க்கலாம். இத்தகைய மசோதாவைக் கொண்டுவர எந்தக் கட்சி முன்வருகிறது என்பதை அறிய விரும்புகிறோம்.