ஏழு வாங்கியும் ஏன் திருப்பினார்கள்?

விரிஞ்சிபுரத்திலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். செவிலியர் பட்டம் பெற்ற அவருடைய மகள் பிரிட்டனில் பணியாற்ற விரும்பி, கணிப்பொறி வழியாக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்கிறார். மொத்தத்தில் 7 கிடைத்தது. வீட்டில் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் அந்நாட்டுச் செவிலியர் பதிவுக்கு அது போதாது என்று பின்னர் தெரிய வந்தது. "ஏழு வாங்கியவள் தோற்றுவிட்டாளா? கட்டிய பணமெல்லாம் வீண்தானா?" என்று கேட்கிறார்.

சகோதரியே, தங்கள் மகள் தோற்கவில்லை. இந்தத் தேர்வில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. பாலாற்றங்கரைக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைத் தரம் பிரிப்பவர் என்ன செய்கிறார்? தழும்பையும் துளையையும் கனத்தையும் பார்த்து, இது இன்ன தரம் என்று அடுக்கி வைக்கிறார். எந்தத் தரம் தமக்கு வேண்டும் என்பதை வாங்குபவர் சொல்கிறார். ஷூவின் மேற்பாகத்துக்கு ஒருவர் தள்ளிய தோலை வேறொருவர் உள்ளுறைக்கு விரும்பி எடுப்பார். தேர்வு நடத்துவோர் தரம் பிரிப்பவர்கள்; பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் விசா அலுவலகமும் வாங்குபவர்கள்.

தங்கள் மகளின் சான்றிதழைப் பாருங்கள். கேட்டல் 8, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6. கூட்டினால் 28, நான்கால் வகுத்தால் 7. கணக்கு சரிதான். ஆனால் பிரிட்டனின் செவிலியர் பேரவை சராசரியோடு நின்றுவிடுவதில்லை. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தனித்தனியே 7 கேட்கிறது. எழுதுதலில் முன்பு 7 கேட்டது. 2018 டிசம்பரில் அதை 6.5 ஆகக் குறைத்தது. தங்கள் மகளுக்குக் குறைந்தது அந்த ஓர் அரைதான். தோல் முழுவதும் நன்றாக இருந்து ஓரிடத்தில் துளை விழுந்தது போன்ற நிலை இது.

இதற்கு வழியும் இருக்கிறது. 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட அப்பேரவை இடமளிக்கிறது. எந்த முறையிலும் எந்தத் திறனிலும் கேட்கப்பட்ட அளவுக்கு அரைக்கு மேல் குறையக் கூடாது என்பதே நிபந்தனை. எழுதுதலில் 6 இருப்பதால் தங்கள் மகள் அதற்குள் அடங்குகிறார். இது 2023 பிப்ரவரியில் வந்த தளர்வு. கணிப்பொறியில் எழுதியவர்கள் ஒரே ஒரு திறனை மட்டும் 60 நாட்களுக்குள் மீண்டும் எழுதும் வசதியும் உண்டு. ஆயினும் எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

சராசரியைக் கூட அவர்கள் அரை அரையாகவே தருகிறார்கள். 6.25 வந்தால் 6.5 ஆக உயரும், 6.125 வந்தால் 6 ஆக இறங்கும். ஒரே ஒரு பிரிவில் அரை கூடினால் மொத்தமும் அரை கூடிவிடலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி தேர்வின் அமைப்பு. கேட்டலுக்கு 40 கேள்விகள், ஏறத்தாழ 30 நிமிடம். வாசித்தலுக்கும் 40 கேள்விகள், 60 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே எதையும் வெறுமையாக விடலாகாது. நாற்பதில் 30 சரியானால் ஏறத்தாழ 7 கிடைக்கும். எழுத்துப் பிழை இருந்தால் அந்த விடை தவறுதான். பழைய தாள் முறையில், கேட்டவற்றை விடைத்தாளில் பெயர்த்தெழுத 10 நிமிடம் தந்தார்கள். கணிப்பொறியில் சரிபார்க்க 2 நிமிடமே உண்டு. இது தெரியாமல் போகிறவர்கள் திகைத்துவிடுகிறார்கள்.

எழுதுதலுக்கு 60 நிமிடம். முதல் பணி குறைந்தது 150 சொற்கள். இரண்டாவது 250 சொற்கள். இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு. கேட்ட கேள்விக்கு விடை வந்ததா, கருத்துகள் கோவையாக உள்ளனவா, சொல்வளம், இலக்கணம் என நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம பங்கு. நம் பிள்ளைகளோ இலக்கணத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அது கால் பங்குதான்! மனப்பாடக் கட்டுரைகளை விற்கும் பயிற்சி நிலையங்களை நான் நம்புவதில்லை. கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் முதல் அளவுகோலிலேயே மதிப்பெண் போய்விடும்.

கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதிப் பழகியவர் விசைப்பலகையின் முன் தடுமாறுவார். நாள்தோறும் அரை மணி நேரம் தட்டச்சுப் பழகட்டும். விரிஞ்சிபுரம் கோயிலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் பழைய கல் ஒன்று இருப்பதை அப்பகுதியினர் அறிவார்கள். அது அமைதியாக நேரம் காட்டும். தேர்வுத் திரையில் குறைந்துகொண்டே வரும் நிமிடங்களைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். அதையும் வீட்டிலேயே பழக்கிக்கொள்ள வேண்டும்.

பேசுதல் மட்டும் மனிதரோடுதான். 11 முதல் 14 நிமிடம். ஆங்கிலேயரைப் போல் நாக்கை வளைக்கத் தேவையில்லை. வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த பிள்ளையின் ஆங்கிலம், கேட்பவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும்.

வேறு தேர்வுகளும் உள்ளன. பி.டி.இ. தேர்வில் ஒலிவாங்கியைப் பார்த்துப் பேச வேண்டும். அக்கம்பக்கத்தவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் 10 முதல் 90 வரை. அதில் சில வினாக்களுக்குத் தவறான தெரிவு மதிப்பெண்ணைக் குறைக்கும், ஐ.இ.எல்.டி.எஸ். பழக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துவிடக் கூடாது. மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வில் எழுதுதல் என்பது நோயாளியைப் பற்றிய கடிதமே. வார்டில் பழகிய செவிலியருக்கு அது இயல்பாக வரலாம். செவிலியர் பேரவை இதையும் ஏற்கிறது.

டோஃபல் பற்றி ஒரு குழப்பம். அமெரிக்காவிலுள்ள மாமா "எங்கள் காலத்தில் 600 வாங்கினேன்" என்பார். அது தாள் தேர்வின் கணக்கு, உச்சம் 677. 1998 இல் கணிப்பொறித் தேர்வு வந்தபோது உச்சம் 300 ஆயிற்று. 2005 இல் இணையவழித் தேர்வு வந்தபோது 120 ஆயிற்று. பழைய 600 தான் பிறகு 250, அதற்கும் பிறகு 100. 2026 ஜனவரி முதல் 1 முதல் 6 வரையிலான புதிய அளவு நடைமுறைக்கு வந்துள்ளது. இடைக்காலமாக இரண்டு ஆண்டுகளுக்கு 120 கணக்கிலான மதிப்பெண்ணும் சேர்த்துத் தரப்படுகிறது. எண்ணை மட்டும் கேட்டுப் பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள்.

"நான் ஆள் வைத்து எழுதித் தருகிறேன்" என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 2014 இல் பிரிட்டனில் டோயிக் என்னும் தேர்வில் ஆள்மாறாட்டம் தொலைக்காட்சியில் அம்பலமானது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசாக்கள் ரத்தாயின. நேர்மையாக எழுதியவர்களும் அதில் சிக்கித் தங்கள் பெயரை மீட்க ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி ஒருவிதமாகவும் எழுதுவார்கள். பட்டச் சான்றிதழில் மூன்றாவது விதம் இருக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு இந்தியாவில் பாஸ்போர்ட்தான் அடையாளச் சான்று. அதிலுள்ள எழுத்துகளையே பிசகாமல் பதியுங்கள். முகத்திரை அணியும் சகோதரிகள், அடையாளம் சரிபார்க்கப் பெண் ஊழியர் இருப்பாரா என்று நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கணிப்பொறித் தேர்வுக்கு நாளும் வேளையும் பல உண்டு. ஜும்ஆ நேரத்தை ஒதுக்கிப் பதிவு செய்வதும் கடினமன்று.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் பொதுவாக 2 ஆண்டுகளே செல்லும். கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே மகளை எழுத வைக்க எண்ணும் பெற்றோர் பட்டம் வரும் மாதத்தையும், பணிக்கான பதிவுக்கு ஆகும் காலத்தையும் எண்ணிப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள்.