பத்திரிகைக்கு விலை கொடுப்பவர் யார்?

நம் விடுதிச் சங்கத்தில் இவ்வாண்டு ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. வாசகசாலைக்கு வந்துகொண்டிருந்த ஐந்து நாளிதழ்களுள் மூன்றனை நிறுத்திவிடுவது என்பதே அது. செய்தி யாவும் கைப்பேசியிலே காசின்றிக் கிடைக்கும்பொழுது காகிதத்திற்குப் பொருள் செலவிடுவானேன் என்று நண்பர் ஒருவர் வினவினார். அவர் கூற்று நியாயமாகவே தோன்றியது. கையுயர்த்தியோர் கூட்டத்தில் நாமும் இருந்தோம். விவாதம் ஐந்து நிமிஷமும் நீடிக்கவில்லை. பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபொழுதுதான், நாம் செய்தது பிழையென்று தெளிந்தோம்.

செய்தி என்பது வானத்தினின்று தானே பெய்யும் மழையன்று. யாரோ ஒருவர் ஓரிடத்திற்குச் சென்று, கண்டு, கேட்டு, ஐயந்தீர விசாரித்து எழுதினாலன்றி அது பிறவாது. 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தை வாட்டிய கொடும் பஞ்சம் இதற்குத் தக்க சான்றாகும். அரிசி விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்திற்கு ஏறிவிட்டது. நாட்டுப்புறத்துக் கூலியாட்களும் செம்படவரும் கல்கத்தா வீதிகளை நாடி வந்து, ஆங்கே வீழ்ந்து மாண்டனர். சர்க்காரோ பஞ்சமென்று பிரகடனஞ் செய்யவேயில்லை. போர்க்காலத் தணிக்கையோ பத்திரிகைகளின் வாயைக் கட்டியிருந்தது. அந்நிலையில், ஆங்கிலேயருக்கு உரிமையாயிருந்த 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் என்பார், ஆகஸ்டு 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று பஞ்சத்தில் அடிபட்டோரின் நிழற்படங்களை அச்சிட்டு வெளியிட்டார். எலும்புந் தோலுமாய்க் கிடந்த மாந்தரின் படங்கள் அவை. கடுமையான தலையங்கங்களும் தொடர்ந்தன. இலண்டன் பார்லிமெண்டிலும் இதுபற்றிப் பேச்செழுந்தது. அக்டோபரில் பதவியேற்ற வைசிராய் வேவல் பிரபு சில நாட்களுக்குள்ளே கல்கத்தா சென்று, நிவாரண வேலையில் படையினரை ஈடுபடுத்தினார். அதற்குள் எத்தனையோ லக்ஷம் உயிர் போய்விட்டது. 1945-இல் விசாரணைக் குழுவினர் இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 லக்ஷம் என மதித்தனர்; 30 லக்ஷம் வரை கூறும் ஆராய்ச்சியாளரும் உளர்.

அப்பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவராய்க் கண்டவர் அமர்த்தியா சென். குடிகள் வாக்களித்து அமைத்த ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்பது, பொருளாதார நிபுணராய் அவர் பிற்காலத்தில் எடுத்துரைத்த கொள்கை. 1958 முதல் 1961 வரை சீனத்தில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபொழுது, கீழுள்ள அதிகாரிகள் விளைச்சலை மிகுத்துக் கணக்குக் காட்டினர். மேலுள்ளோர் அதனை நம்பினர். உண்மையை உரைக்கப் பத்திரிகை இல்லாத நாட்டில் ஆள்வோனும் குருடனே. குடிகளின் பொருட்டே பத்திரிகை வேண்டும் என்பார் இதனைச் சற்றே கருதுவாராக.

இனி நம் நண்பரின் வினாவுக்கு வருவோம். நம் நாட்டு நாளிதழ்கள் பலவற்றின் விலை, அவற்றை ஆக்கும் செலவிற்கும் போதாது. எஞ்சியதை இதுகாறும் விளம்பரதாரரே கொடுத்து வந்தனர். அவ்விளம்பரப் பணத்திற் பெரும்பகுதி இப்பொழுது கூகுள், மெட்டா முதலிய அந்நிய நிறுவனங்களைச் சென்றடைகின்றது. சர்க்காரே பெரிய விளம்பரதாரராயிருப்பது வேறொரு சங்கடம். சோறிடும் கையைக் கடிக்கத் துணிவோர் சிலரே. வருவாய் குறைந்தவிடத்து முதலிற் குறைக்கப்படுவது சினிமாப் பக்கமன்று; மாவட்டத்து நிருபரே குறைக்கப்படுகின்றார்.

கைப்பேசி கொண்டோர் அனைவரும் படம் எடுக்கலாமே எனின், எடுக்கலாம், நன்றே. ஆயின் படம் எடுப்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. தேர்தல் பத்திரத் திட்டம் அரசியற் சட்டத்திற்கு மாறானது என 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சு மாதத்தில் விவரங்கள் முதலில் வெளியானபொழுது, பத்திரம் வாங்கினோர் ஒரு பட்டியலிலும் பணம் பெற்ற கட்சிகள் மற்றொரு பட்டியலிலுமாக இருந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவற்றால் விளங்கவில்லை. இரண்டையும் பொருத்தும் எண்கள் நீதிமன்றத்தின் ஆணையால் பின்னரே வந்தன. அப்பட்டியல்களை வரிவரியாகப் பார்த்து, கம்பெனிகளின் பெயருக்குப் பின்னிருப்போர் யாவர் எனத் தேடியவர்களுள், விளம்பரத்தை விடுத்து வாசகர் சந்தாவைக் கொண்டே நடைபெறும் சிறிய இணையப் பத்திரிகையினரும் இருந்தனர். இவ்வேலையைக் காசின்றிச் செய்வார் எவரும் இலர். இதனை எண்ணுந்தோறும் நாம் உயர்த்திய கை நமக்கே நாணத்தைத் தருகின்றது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நாம் ஒரு பிரேரணை கொண்டுவரக் கருதியுள்ளோம். நிறுத்திய மூன்றனுள் இரண்டு இதழ்களை மீட்டும் தருவித்தல் வேண்டும் என்பதும், அவற்றோடு ஓர் இணையப் பத்திரிகைக்கும் மாணவரே பகிர்ந்து சந்தா செலுத்தல் வேண்டும் என்பதும் அதன் சாரம். நண்பர் எதிர்ப்பார் என்பது திண்ணம். ஆதலின் இக்கட்டுரையின் கைப்பிரதியை முன்னதாகவே அவரிடம் கொடுத்துள்ளோம். வாசித்துவிட்டு, நாளிதழ் ஒன்றின் மாதச் செலவு யாதென்று கேட்டனுப்பியிருக்கிறார்.