பாதி வழியில டிரைவரை மாத்தாதீங்க!

கல்ச்சுரல்ஸ் குறும்படத்தைக் காலை ஒன்பது மணிக்குக் கொடுக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு எடிட்டிங் பிரிவியூ முழுக்கக் கறுப்பு! 'ஃபார்மட் பண்ணிடு மச்சி'ன்னு ரூம்மேட் ஐடியா வேற. நல்லவேளை, கேக்கலை. சாயங்காலம்தான் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரை அப்டேட் பண்ணியிருந்தேன்.

உங்களுக்கும் இப்படி ஆனா பதறாதீங்க ஃப்ரெண்ட்ஸ். டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் போய், உங்க கார்டோட ப்ராப்பர்ட்டீஸ்ல 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்க. பழைய டிரைவர் திரும்பிடும். அந்த பட்டன் மங்கலா இருந்தா? என்விடியா கார்டுன்னா, 2019-ல அறிமுகமான ஸ்டூடியோ டிரைவரை இறக்கி, 'க்ளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் பண்ணிப் போடுங்க. கேம் ரெடி டிரைவர் புது கேம்களுக்கு. ஸ்டூடியோ, எடிட்டிங் மென்பொருள்களோட சோதிச்சு வர்றது.

எனக்கு ரோல் பேக்கே போதுமா இருந்துச்சு. அஞ்சு மணிக்கு ரெண்டர் முடிஞ்சுது. இனிமே பாதி எடிட்டிங்ல அப்டேட்டா? பரீட்சைக்கு நடுவுல யாராவது பேனா மாத்துவாங்களா பாஸ்!