ஆழ்கடல் யந்திரமும் அரைவாசி வாரமும்

கடலடி எண்ணெய்த் தொழிலுக்கு வேண்டிய யந்திரங்களின் சந்தை பெருகுகின்றதென வர்த்தக ஏடுகள் கொண்டாடுகின்றன. பெருகுவது உண்மையே. ஆழங்குறைந்த கடற்பரப்பின் பழைய கிணறுகள் வற்றிவர, கம்பனிகள் பிறேசில், கயானா ஆகிய நாடுகளின் ஆழ்கடலை நாடுகின்றன. ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஆழத்திலே அடித்தளத்தில் ஊன்றிய மேடை கட்டுவது ஆகாத காரியம். ஆதலால் கிணற்று வாயைத் திறந்து மூடும் வால்வுக் கோபுரம், பல கிணறுகளின் எண்ணெயை ஒன்றுசேர்க்கும் குழாய்ச் சந்தி, மிதக்கும் கப்பலிலிருந்து மின்சாரமும் கட்டளையும் கொண்டுசெல்லும் வடம் ஆகிய யாவும் கடலின் அடியிலேயே அமைக்கப்படுகின்றன. (வால்வுக் கோபுரத்துக்குத் தொழிலாளர் இட்ட பெயர் நத்தார் மரம். பரிசு யாருக்கென்பதுதான் வழக்கு!) 2014இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது இச்சந்தை சுருங்கிற்று, தப்பிய கம்பனிகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. 2017இல் டெக்னிப்பும் எஃப்.எம்.சி.யும் ஒன்றாயின. இன்று இவற்றைச் செய்து விற்போர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

இந்த யந்திரங்களின் விலையை இறுதியிற் கொடுப்பவர் யார் என்று நாம் கேட்கின்றோம்.

கயானாவைப் பாருங்கள். 2015 மே மாதம் லீசா என்னுமிடத்தில் எக்ஸொன் கம்பனி எண்ணெய் கண்டது. 1999ஆம் ஆண்டின் பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்து 2016இல் அந்நாட்டு அரசு கையொப்பமிட்டது. ஒப்பந்தத்தின் வாசகம் 2017 டிசம்பர் வரை குடிமக்களின் கண்ணிற் படவில்லை. கையொப்பத்துக்காகக் கிடைத்த 18 மில்லியன் டொலரும் அவ்வாறே மறைந்து கிடந்தது. வெளிவந்தபின் நாடு கண்டது என்ன? மாத உற்பத்தியில் 75 வீதம் வரை முதலிற் கம்பனியின் செலவுக்குப் போகும். எஞ்சியதில் அரைவாசி அரசுக்கு. அதாவது பன்னிரண்டரை வீதம். அதனோடு 2 வீத உரிமப் பணம். கம்பனியின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து செலுத்தும்!

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரனுக்கு இதனை விளக்க வழக்கறிஞர் வேண்டியதில்லை. அரைவாசி வாரம் என்று பேசி வயலை விட்டீர்கள். சூடு மிதித்த களத்திலே குத்தகைக்காரன் நான்கு மூடையில் மூன்றை உழவுக்கூலி, யந்திரக்கூலி என்று முதலில் அள்ளிக்கொள்கின்றான். எஞ்சிய ஒன்றில் பாதி உங்களுக்கு. அதுமட்டுமா? பக்கத்து வயலில் அவன் இனிமேல் தொடங்கவிருக்கும் வெள்ளாண்மைச் செலவையும் இந்தக் களத்திலேயே கழிக்கின்றான். கயானா ஒப்பந்தத்தில் ஒரு வயலின் செலவை அவ்வயலோடு நிறுத்தும் வேலி கிடையாது. லீசாவின் எண்ணெய் அடுத்த வயலின் நத்தார் மரங்களுக்கு விலை கொடுக்கின்றது. சந்தை பெருகாமல் என்ன செய்யும்?

அபாயத்தை ஏற்றவர்கள் அவர்களல்லவா என்று சிலர் வாதிப்பர். துளைத்த கிணறு வறண்டால் நட்டம் அவர்களதே, மறுக்கவில்லை. ஆனால் 2016இல் கையொப்பமிடும்போது எண்ணெய் கண்டாயிற்று. கண்டபின்னும் காணாதவனின் விலையைப் பேசுவது எந்த நாட்டு நியாயம்?

பின்வந்த அரசு சட்டத்தை மாற்றித் திருத்தலாமே எனில், சட்ட மாற்றத்தாற் கம்பனிக்கு வரும் நட்டத்தை அரசே ஈடுசெய்ய வேண்டுமென 32ஆம் உறுப்புரை கதவை அடைக்கின்றது. 2021இல் உள்நாட்டவர்க்குப் பங்கு தரும் சட்டமொன்று நிறைவேறியது. அதன் பட்டியலில் இடவாடகை, உணவு வழங்கல், துப்புரவு, சலவை முதலியன உள. வால்வுக் கோபுரம் இல்லை. 2023 மே மாதம், எண்ணெய் கசிந்தால் முழு நட்டத்துக்கும் தாய்க் கம்பனியின் வரம்பற்ற உத்தரவாதம் வேண்டுமென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இடைநிறுத்தி 2 பில்லியன் டொலர் உத்தரவாதத்தோடு அமைந்தது.

நோர்வே வேறு வழி சென்றது. 1972ஆம் ஆண்டின் அரச கட்டளை, தரமும் விலையும் ஒத்திருப்பின் நோர்வேப் பொருளையே வாங்கவேண்டுமெனக் கம்பனிகளைக் கட்டுப்படுத்திற்று. 1814இல் தொடங்கிய கொங்ஸ்பேர்க் ஆயுதத் தொழிற்சாலை கடலடி யந்திரம் செய்யக் கற்றது அக்காலத்திலேயே. பின்னர் அப்பிரிவு அமெரிக்க எஃப்.எம்.சி.யின் கைக்குப் போயிற்று. ஆயினும் தொழிலும் தொழில் தெரிந்தவர்களும் அந்நகரில் நிலைத்தனர்.

இதனை ஏன் இங்கு எழுதுகின்றோம்? மன்னார்க் கடலிலே 2011இல் கெயார்ன் கம்பனி துளைத்த இரண்டு கிணறுகளில் வாயு கிடைத்தது. ஆழம் ஆயிரம் மீற்றருக்கும் மேல். 2015இல் அக்கம்பனி விலகிற்று. அந்த வாயு என்றாவது வெளிவருமாயின் அதே கடலடி யந்திரங்கள், அதே சில விற்பனையாளர்கள், அதே செலவுக் கழிவு வாசகங்கள் இங்கும் வரும். கடற்கசிவுக்கு முதற் பலியாகக்கூடியவர் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை வீசுவோரே.

ஆகவே இப்போதே கேட்கின்றோம். மன்னார்க் கடலுக்கான எந்த ஒப்பந்தத்தின் வரைவும் கையொப்பத்துக்கு முன்னரே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அச்சில் வரவேண்டும். செலவுக் கழிவுக்கு வரம்பும் வயலுக்கு வயல் வேலியும் வேண்டும். யந்திர விலையைச் சுயாதீனக் கணக்காய்வாளர் பரிசோதிக்க வேண்டும். தாய்க் கம்பனியின் வரம்பற்ற உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். மன்னார்த் தொகுதியிற் பாராளுமன்ற வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரின் பெயரை எமக்கு அறிவியுங்கள், இப்பத்தியில் வெளியிடுவோம்.