பங்கசு யாருக்குச் சொந்தம்?

விஞ்ஞானத்துக்கு வர்க்கம் இல்லை என்போர் இன்னும் உளர். மூலக்கூறுக்கு வர்க்கம் இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது மருந்தாகிச் சந்தைக்கு வரும்போது அதற்கொரு சொந்தக்காரன் தோன்றிவிடுகிறான். அவன் யார் என்று கேட்பதும் விஞ்ஞானக் கல்வியின் பாற்பட்டதே.

டக்சோல் என்னும் புற்றுநோய் மருந்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1962இல் அமெரிக்க அரசின் தாவரவியலாளர் பசுபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தனர். 1971இல் வானி, வோல் முதலியோர் அதிலிருந்த மருந்துப் பொருளின் கட்டமைப்பை வெளியிட்டனர். ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டும். பட்டையை உரித்தால் மரம் சாகும்.

1993இல் புதிய நம்பிக்கை பிறந்தது. அம்மரத்தின் உட்பட்டைக்குள்ளே, அதற்கு நோய் செய்யாது வாழும் பங்கசு ஒன்றும் டக்சோலை ஆக்குகிறது என்று மொன்டானாவில் ஸ்ரோபல் குழுவினர் அறிவித்தனர். காட்டை அழிக்காது, பெனிசிலின்போலத் தொட்டியில் மருந்தை விளைவிக்கலாம் என்று பலர் மகிழ்ந்தனர். கிடைத்ததோ லீற்றருக்கு 24 முதல் 50 நானோகிராம் மட்டுமே. அக்கண்டுபிடிப்பை ஐயுற்ற ஆய்வுகளும் பின்னர் வந்தன. அந்த வழக்கை ஆய்வுகூடம் தீர்க்கட்டும். நமது வழக்கு வேறு.

பங்கசு மலையளவு மருந்தைத் தந்திருந்தாலும் நோயாளிக்கு அது மலிவாகக் கிடைத்திருக்குமா? 1991இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் ஆய்வுத் தரவுகளைப் பயன்படுத்தும் தனியுரிமையைப் பிறிஸ்ரல் மயர்ஸ் ஸ்குவிப் கம்பனிக்கு அளித்தது. 1992இல் விஞ்ஞானிகள் இட்ட 'டக்சோல்' என்னும் பெயரும் கம்பனியின் வணிகக்குறியாயிற்று. 1994இல் யூ மர இலையின் பொருளிலிருந்து மருந்தை ஆக்கும் முறை அனுமதி பெற்றது. பட்டைப் பஞ்சம் நீங்கிற்று. கம்பனியின் பிடி நீங்கவில்லை. 2002 வரை மக்கள் பணம் 48.4 கோடி டொலர் டக்சோல் ஆய்வுக்குச் செலவாயிற்று. கம்பனியின் விற்பனை 900 கோடி டொலர். அரசுக்குக் கிடைத்த உரிமைப்பங்கு வெறும் 3.5 கோடி. இவை 2003இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே வெளியிட்ட எண்கள்.

கம்பனியும் பெருந்தொகை செலவிட்டது என்பர். மெய்யே. செலவிட்ட கம்பனி இலாபத்துக்கு உரியதெனில், செலவிட்ட மக்கள் எதற்கு உரியர்?

பங்கசு ஆய்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, அது பெருகுக. ஆனால் மக்கள் பணத்தில் பிறக்கும் மருந்தின் விலைக்கு எல்லை, ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே வகுக்கப்படல் வேண்டும். ஆசிரியத் தோழர்களே, பங்கசுவின் வாழ்வை வகுப்பிலே விளக்குங்கால் இக்கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர் கேள்வி கேட்கட்டும்.